வசிஷ்டர் நாலு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். சும்மாவா வரும்? பௌதிக ஆராய்ச்சிக்கு ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. நிச்சயதார்த்தத்தன்று மாமியார் வைதேஹி, "கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எதுக்குமா?" என்றார். மாப்பிள்ளை வாசுதேவ் வாயே திறக்கவில்லை. அப்பா, "பின்னால பேசிக்கலாம்" என்று முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைகாசியில் சின்ன காஞ்சிபுரத்துச் சத்திரத்தில் கல்யாணம். இருட்டியதும் அருந்ததி பார்க்க வேண்டும். வடக்கு வாசலை மறைத்துப் புதிதாகக் கட்டடம் எழும்பியிருந்ததால், வாத்தியார் எங்களைத் தெற்குக் கொல்லைக்கு அழைத்துப் போனார். தென்னை மரத்துக்கு மேலே கையைக் காட்டி, "அதோ அருந்ததி. தெரியறதுன்னு சொல்லுங்கோ" என்றார். அந்தக் கட்டடம் வந்ததிலிருந்து அங்கே கல்யாணமான எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"சொல்லுடா வாசு, பந்தி காத்துண்டிருக்கு" என்றார் மாமியார்.

நான் வாசுதேவ் முகத்தையே பார்த்தேன். இந்த மனுஷர் இப்போது ஆமாம் போட்டால் ஆயுசுக்கும் ஆமாம்தான், என் படிப்புக்கும் இன்றோடு முழுக்கு.

"எனக்குத் தெரியலை" என்றார் அவர். "ஸுபத்ரா, உனக்குத் தெரியறதா?"

"அருந்ததி வடக்கேன்னா இருக்கா. மாடிக்குப் போனாத் தெரியும்."

புடவைத் தலைப்பும் அங்கவஸ்திரமும் முடிச்சுப் போட்டபடியே மொட்டை மாடிக்கு ஏறினோம். மாமியாரும் பின்னாலேயே வந்தார். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரத்தைக் காட்டினேன். வாசுதேவ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுதானே இருக்கு. இல்லை, பக்கத்துல சின்னதா இன்னொண்ணு."

"பெரிசு வசிஷ்டர், சின்னது அருந்ததி. ஆனா வசிஷ்டர் ஒருத்தர் இல்லை, நாலு பேர். ஒருத்தரை ஒருத்தர் சுத்திண்டிருக்கா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒளியைப் பிரிச்சுப் பார்க்கணும்."

"அதை யார் பார்ப்பா?"

"ஆராய்ச்சி பண்றவா" என்றேன்.

"பார்த்தாச்சோல்லியோ, கீழே வாங்கோ" என்றார் மாமியார்.

"ரெண்டைத்தான் பார்த்தோம்மா. மிச்சத்தை இவ படிச்சுட்டு வந்து சொல்லட்டும். திங்கட்கிழமை நானே ஸ்கூட்டர்ல ஏனாத்தூர்ல விட்டுடறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியார் சண்டைக்கு வருவார் என்று தயாராக நின்றேன். அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கல்யாணத்துலயும் தெரியறதுன்னுதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "இன்னி வரைக்கும் பார்த்ததில்லை. எதுன்னு இன்னொரு தரம் காட்டும்மா."

அவர் கையைப் பிடித்து வடக்கே நீட்டினேன்.