பிரேக்கில் புகுந்த காற்று

நாகேந்திரன் மாஸ்டர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, முன்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்திப் பிடித்தார். பிரேக் பிடி சொதசொதவென்று உள்ளே போய் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டதே தவிர சக்கரம் அசையாமல் நிற்கிற வழியைக் காணோம். பின்பிரேக்கும் அதே கதிதான். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள்பையோடு வாசலுக்குள் நுழைந்த அவர் மனைவி வரலட்சுமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினாள். என்னவென்று கேட்டால் அமெரிக்கச் சைக்கிள்களின் தரம் எப்படிக் கெட்டுப்போனது என்பதில் ஆரம்பித்து ஒரு பீரியட் ஓடும்.

"உள்ள ஒயர் அறுந்துகிச்சு," என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலே.

அந்தச் சைக்கிளுக்கு பிரேக் ஒயரே கிடையாது. பென்சில் தடிமனில் கறுப்பாக ஓடும் குழாய்க்குள் எண்ணெய்தான் இருக்கிறது, பிடியை அழுத்தினால் எண்ணெய் போய் அடியில் இரண்டு கட்டைகளைத் தள்ள, அவை சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். இவ்வளவும் சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. மாஸ்டர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வரலட்சுமிதான் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் பிரித்துப் படித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாக மருந்தாளுநர். எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படித்துவிடுவது அவள் பழக்கம்.

சைக்கிள், மலைக்கோயில் குருக்கள் வீட்டு ஸ்ரீவிஷ்ணு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. ஒரு மாதம் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு, திரும்பிப் போகும்போது கூடப் படித்த தோஷத்துக்காக மாஸ்டரிடம் விட்டுப்போனான். அன்றிலிருந்து மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர் அவர். அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. பையன்கள் தன்னைத் 'தொப்பை மாஸ்டர்' என்று கூப்பிடுவது அவர் காதுக்கு எட்டி மூன்று வருடமாகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மலையுச்சியிலிருந்து இந்தச் சைக்கிளில், பெடல் மிதிக்காமல், வளைவு வளைவாக இறங்கிக் காட்டுவதாகப் பத்தாம் வகுப்பு முழுவதிடமும் சொல்லிவிட்டார். தாளாளரையும் அழைத்திருந்தார். இன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை காலையில், கோயில் வேன்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் சின்னசாமி வந்து பார்த்தார். "ஒயர் இல்ல மாஸ்டர், ஆயில் பிரேக்கு. வேனுக்கு இருக்கிற மாதிரிதான். உள்ள காத்து பூந்துகினு கீது," என்று சொல்லிவிட்டு, வேனுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலில் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று முழுக்க ஒயரைத் தேடிய மனிதர், சின்னசாமி தெருமுனை திரும்புவதற்குள், "நான் அப்பவே சொன்னேன்ல, ஆயில்னு," என்றார். வரலட்சுமி இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, பிரேக் பிடியின் மேல்மூடியில் எறும்பு ஊர்வதுபோல் பொடியாக எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"மினரல் ஆயில் மட்டும்தான் ஊத்தணும்னு போட்டுக்குது பாவா. இது வேற. இத்த ஊத்துனா உள்ள ரப்பரெல்லாம் ஊதிப் பூடும்."

"நீ மாத்திரை எண்ற வேலையப் பாரு."

அவளும் அதைத்தான் பார்க்கப் போனாள். எதையும் ஒரு தடவை சொல்வாள், மறுதடவை சொல்ல மாட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், மாடியில் அந்த மூலையில் தண்ணீர்த்தொட்டி வைக்க வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். இன்றைக்கும் படுக்கையறைக் கூரையில் அந்த மூலை ஈரம் காய்ந்தபாடில்லை. ஒவ்வொரு மழைக்கும் மாஸ்டர் கொத்தனாரைத் திட்டுவார், அவள் கட்டிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திப் போடுவாள். சிரிப்பு வரும், சிரிக்க மாட்டாள். சொன்னது பலித்து, கேட்காதவர் அவதிப்படுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசிக்கு அவள் பழகிவிட்டாள் என்பதுதான் உண்மை. இல்லையென்றால் இந்த மனிதரோடு இருபது வருடம் எப்படி ஓட்டுவது?

அவள் சொல்லைக் காப்பாற்றியது ஸ்கூட்டர். பாட்டிலைத் திறக்கும்போது நாலு சொட்டு மாஸ்டரின் ஸ்கூட்டர் மேல் விழுந்திருந்தது. சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ட் சுருங்கி, நகத்தால் தொட்டதும் தோலாக உரிந்தது. மாஸ்டர் உரிந்ததைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை, பிரேக்கில் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. அதன் திருகுகளைத் திறக்கும் குட்டிச் சாவி கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார். தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வராது. "சரி, அந்த மினரல் ஆயிலு எங்க கிடைக்குது, உனக்குத் தெரிஞ்சா சொல்லேன்," என்றார், அவளுக்குப் பெரிய மனது பண்ணி ஒரு வாய்ப்புக் கொடுப்பவர் போல.

அவளுக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற லிக்விட் பாரஃபின் மினரல் ஆயில்தான். அதிலேயே தண்ணியாக இருக்கும் ரகம் ஒன்று உண்டு.

"பேதி மருந்தா? என் சைக்கிளுக்கா?"

"உங்களுக்கில்ல, சைக்கிளுக்குத்தான்."

சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் வேலை தொடங்கியது. சைக்கிளை அவள் முதலில் நேராக நிமிர்த்தச் சொன்னாள். ஊசி மருந்துக் குப்பியைக் கவிழ்த்தால் காற்று எங்கே போகும் என்று சுகாதார நிலையத்தில் நேற்றுச் சேர்ந்த நர்ஸுக்குக்கூடத் தெரியும். பஞ்சர் கடையில் கவிழ்க்கிறார்களே என்று ஞாயிறு தவறாமல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக் கழுவி, பிடிக்குள் மேலே சும்மா இருந்த காற்றைக் குழாய்க்குள் இறக்கிவிட்டது சாட்சாத் மாஸ்டர்தான். இதையும் அவள் ஒரே தடவை சொன்னாள். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

இரண்டு சக்கரங்களையும் கழற்றி உள்ளறையில் சாய்த்து வைக்கச் சொன்னாள். தட்டைக் கவ்வும் கட்டைகளை உருவி, காகிதத்தில் பொதிந்து அலமாரிக்குள் வைத்தாள்.

"அத்த எதுக்கு உள்ள வெக்கற?"

"சொன்னா புரிஞ்சிடுமா உங்களுக்கு?"

சொல்லியிருந்தால் ஒரே வாக்கியம். அந்தத் தட்டிலோ கட்டையிலோ ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், பிரேக் வழுக்கிவிடும், பிடிக்காது. புத்தகத்தில் சிவப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் விழிக்கிற அந்த முகத்தை அப்படியே விட்டுவைப்பது நன்றாக இருந்தது. விட்டுவைத்தாள்.

பிறகு நடந்ததை அந்தத் தெருவில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். வரலட்சுமி கீழே மணையில் உட்கார்ந்து, பெரிய சிரிஞ்சில் எண்ணெயை ஏற்றி, சலைன் குழாயில் ஒரு துண்டை வெட்டி மாட்டி, அடியிலிருந்து மேலே தள்ளினாள். மேலே மூடி திறந்த பிடியில் குமிழ் குமிழாகக் காற்று வந்து உடைந்தது. பிறகு, புத்தக உறைக்குள்ளேயே இருந்த குட்டிச் சாவியால் திருகைத் திறந்து மூடும் வேலை அவளுக்கு, பிடியை அழுத்தும் வேலை மாஸ்டருக்கு. ஒருவர் சொல்ல ஒருவர் செய்தால்தான் அது நடக்கும்.

"அமுக்குங்க."

அமுக்கினார்.

"புடிங்க. உடாதீங்க, நான் மூடிக்கிறேன். ஆங், இப்ப உடுங்க."

விட்டார். இருபது வருடமாக வீட்டில் விசில் ஊதாத குறையாக ஆணையிட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒன்றரை மணி நேரம் அவள் சொன்னதற்கெல்லாம் அமுக்கிப் பிடித்து விட்டார். நடுவில் ஒரு தடவை அவள் சொல்வதற்கு முன்பே கையை விட்டு, காற்றை மறுபடி உள்ளே இழுத்துவிட்டார். "லெப்ட் ரைட் சொன்னாத்தான் காதுல ஏறுமா?" என்றாள். மாஸ்டர் பிடியை மறுபடி அமுக்கினார். குழாயை அவள் விரலால் சுண்டிச் சுண்டி, ஊசி போடுவதற்கு முன் சிரிஞ்சைச் சுண்டுகிற அதே சுண்டல், ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் குமிழ்களையும் மேலே ஏற்றினாள். முடிந்ததும் அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சக்கரமும் கட்டையும் மாட்ட, பிடியை அழுத்தினார் மாஸ்டர். கல்லு மாதிரி இருந்தது. சக்கரம் சுற்றிய இடத்திலேயே நின்றது. அவர் முகத்தில் குழந்தைக்களை வந்தது. ஒரு கணம் அவளுக்கே அவரைப் பிடித்துப்போனது. அவர் வாயைத் திறந்தார்.

"நான் அமுக்குனதுலதான் கரெக்டா வந்துகிச்சு."

மீதி எண்ணெய்ப் பாட்டிலை அவள் முற்றத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சின்னசாமியின் வேனில் சைக்கிளும் மாஸ்டரும் மலைக்குப் போனார்கள். வரலட்சுமி படியேறிப் போய், சுவாமி தரிசனம் முடித்து, விபூதி மடித்த காகிதத்தோடு வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்தபோது நாற்பது பையன்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். மாஸ்டர் பேன்ட் காலை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, சைக்கிள் மேல் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் சைக்கிள் தகதகவென்று மின்னியது. அவள் பார்த்தபோது அது கடையில் நிற்கிற புதுச் சைக்கிள் மாதிரி இருந்தது.

"இன்னா மாஸ்டர், இப்படிப் பளபளக்குது?" என்றார் தாளாளர்.

"நேத்து பிரேக்கு ரிப்பேர நானே பண்ணேன் சார். மீதி ஆயிலு இருந்திச்சு. காலையில எழுந்து ஃப்ரேமு, ரிம்மு, அந்த ரெண்டு தட்டு, ஒண்ணு விடாம தொடச்சுட்டேன்."

வரலட்சுமிக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. முட்டாள், நல்லா வேணும் என்று மனசு சொல்லி முடித்தது. இருபது வருடப் பழக்கம், அதுவாகச் சொல்லிக்கொண்டது. அடுத்த மூச்சில்தான் பாதை கண்ணில் பட்டது: சரிந்து இறங்கி, இடதுபக்கம் குட்டைச்சுவரோடு முதல் வளைவு, அதற்கப்பால் வெறும் வானம். அதற்குள் பையன்கள் "ஒன்! டூ! த்ரீ!" என்று கத்த, மாஸ்டர் தரையிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"பாவா! போவாதீங்க! பிரேக் புடிக்காது! பாவா!"

தட்டில் எண்ணெய் என்று சொல்ல வந்தது கைதட்டலில் மூழ்கியது. விபூதிப் பொட்டலம் கீழே விழ, அவள் வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினாள். மறுபடி கத்தினாள், மறுபடியும். அத்தனை பேர் நடுவில், அத்தனை சத்தத்தில், அவள் குரல் மட்டும் அவர் காதில் விழுந்தது, வார்த்தைகள் விழவில்லை. பொது இடத்தில் அவள் அவருக்காகத் தொண்டை திறந்து கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக, ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி அவளுக்கு ஆட்டிக்கொண்டே போனார்.