நனைந்த அட்டை

எனக்கு வாய் நீளம். தையல்காரி நசிமியுவிடம் வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எங்கள் கிட்டாலே ஊர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவ்வளவு நீளமான வாயில் நல்லதாக ஒரு சொல் வர மாட்டேன் என்கிறது. என் தலையெழுத்து அது.

கடையில் ஒரு பாதியில் என் தையல் மெஷின். மறுபாதியில் என் சிநேகிதி கெமுன்டோ, வரும் பெண்களை முக்காலியில் உட்காரவைத்துச் சடை பின்னுவாள். பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் கட்டடத்தில் அவளுக்குத் தனிக் கடை தருவதாக அதன் சொந்தக்காரன் சொல்லியிருந்தான்.

"போகவா, நசிமியு?" என்று கேட்டாள்.

"போயேன். உன் கையப் புடிச்சு யாரு இழுத்து வெச்சிருக்கா?" என்றேன்.

அவள் முகம் தொங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த வெள்ளிக்கிழமைதான் அவளுக்குப் பிறந்தநாளும்.

போகாதே என்று சொல்ல அந்த வாரம் முழுக்க வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும், "உன் சீப்பு என் துணி மேல கெடக்கு, எடு" என்றுதான் வந்தது. சனியன் பிடித்த வாய். வேறு வழியில்லாமல்தான் அட்டை செய்ய உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை அவள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்ன வெளியே போயிருந்தாள். பழைய காலண்டர் அட்டையை இரண்டாக மடித்து, மேல்பக்கம் கிட்டெங்கே துணியின் வெட்டுத் துண்டுகளை வைத்து மெஷினிலேயே தைத்தேன். சிவப்புத் துண்டில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் நான். எனக்குப் பின்னால் நீலத் துண்டில் அவள். அவள் பின்புறத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன், பார்த்தால் சிரிப்பாள் என்று. தரையில் உதிர்ந்து கிடந்த சவுரியில் நாலு இழை எடுத்து எனக்குச் சடையாகத் தொங்கவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நானே சொல்கிறேன்.

உள்ளே எழுத வேண்டியதையும் நூலால் தைக்க ஆசைதான். ஆனால் கைவேலை ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் என் கண் ஒத்துழைப்பதில்லை. தினமும் காலையில் கெமுன்டோதான் கோத்துக் கொடுப்பாள். இதற்கும் அவளையா கூப்பிட முடியும்? என் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எழுதினேன்:

'போகாதே. நீ போய்விட்டால் என் ஊசியில் யார் நூல் கோத்துக் கொடுப்பார்கள்? நாள் முழுக்க மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?'

மறுநாள் காலையில் கையில் கொடுக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆணியில் தொங்கிய அவள் ஏப்ரனின் பைக்குள், அவள் போனுக்குப் பக்கத்தில் அட்டையைச் செருகிவிட்டு, தேநீர் வாங்கும் சாக்கில் நழுவினேன். திரும்பி வந்தபோது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் தலையில் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மதியம் தக்காளிக்காரி செபெட் வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தையில் பாதி. பிறந்தநாள்காரியைத் தலையோடு நனைக்காமல் நாங்கள் விட்டதில்லை. அதில் முதல் வாளி எப்போதும் என்னுடையது. அதைத்தான் நான் மறந்து தொலைத்திருந்தேன்.

"புடி நசிமியு, உன் வேலை" என்று வாளியை நீட்டினாள் செபெட்.

"இன்னிக்கு வேணாம். குளுருது."

"யாருக்குக் குளுருது? அவளுக்கா, உனக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெமுன்டோ மட்டும் சிரிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். பையில் அட்டை இருக்கிறது என்று சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. ஏப்ரன் பையில் படாமல் தலையில் மட்டும் பதமாக ஊற்றிவிடலாம் என்று வாளியை வாங்கினேன். நான் பதமாகத்தான் ஊற்றினேன். பின்னாலிருந்து செபெட்டின் ஆட்கள் நாலு வாளியை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டார்கள்.

கும்பல் கலைந்ததும் கெமுன்டோ பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்தாள். மேலே தைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. சிவப்பு நான், நீலம் அவள், என் சடைகூட. உள்ளே ஒரே நீலக் குழம்பு. ஓர் எழுத்து மிச்சமில்லை.

"என்ன எழுதியிருந்த?"

"பிறந்தநாள் வாழ்த்துதான், வேறென்ன."

"அதுக்கா இவ்வளவு மை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போகாதேன்னு எழுதியிருந்தேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காதுல தண்ணி. ஒண்ணும் கேக்கல."

"போகாதடி" என்று கத்தினேன். செபெட் தக்காளிக் கூடையோடு திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

கெமுன்டோ முகத்தைத் துடைத்தாள். "போனா உன் ஊசியில யாரு நூல் கோத்துக் குடுப்பா? நாள் பூரா மெஷின் சத்தத்தையே கேட்டுட்டு எப்படி உக்காந்திருப்ப?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "படிச்சிட்டியா?"

"காலையிலயே. தண்ணி ஊத்துவீங்கன்னு பையிலேருந்து போன எடுத்து உள்ள வெச்சேன்ல, அப்பவே."

"அப்புறம் ஏன்டி அட்டைய மட்டும் பையிலயே வெச்ச?"

"அது நனையப் போகுதுன்னாலாவது வாயத் தொறப்பியான்னு பாத்தேன். நீ என்னடான்னா வாளியத் தூக்குற, பாவி."

நான் மூக்கைச் சிந்தினேன். "அந்தக் கட்டடக்காரனுக்கு என்ன சொல்லப் போற?"

அட்டையை வெயில் படும் இடத்தில் விரித்து வைத்து, அதன்மேல் அவள் சீப்பைப் பாரம் வைத்தாள். பிறகு ஈரக் கையை என் பக்கம் நீட்டினாள்.

"ஊசியக் குடு. காலையில கோத்துக் குடுக்க மறந்துட்டேன்."