அப்பா விரதம்

அப்பாவின் நெற்றித் திருநீறு காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஆரணி ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தாள். அப்போது தலைமாட்டில் இருந்த அம்மா குணலட்சுமி, துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு உதயகலாவுக்கு அந்தக் கதையை மறுபடி தொடங்கினாள்.

“அஞ்சு நாள், உதயகலா. மிளகும் தண்ணியும்தான். வேறை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. ஆனா இன்சுலின் ஊசி ஒரு நாளும் விடேல்லை. பிள்ளை சொன்னவளெல்லோ, விடக்கூடாதெண்டு.”

“புண்ணியவான். சஷ்டிக்குள்ளை போறதெண்டால் எல்லாருக்கும் கிடைக்குமே?” என்றாள் உதயகலா.

நேற்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா இதையே சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் வந்தவர்கள் ஆரணியைப் பார்த்து, நல்ல பிள்ளை என்பதுபோலத் தலையை ஆட்டுகிறார்கள். அவளுக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அப்பா முருகேசுவுக்குப் பதினாலு வருடமாகச் சலரோகம், சீனி வியாதி. காலையும் மாலையும் ஊசி. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் மரக்கறிச் சோறு. மனிதரின் விரதம் அவ்வளவுதான். இந்த வருடம்தான் மருதனார்மடத்தில் ஒரு பிரசங்கியார் வந்து கெடுத்தார். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது பிழையாம், சஷ்டியில் இருந்தால் என்பதுதான் சரியாம். ஆறு நாள் பட்டினி கிடந்தால் சலரோகம் அடியோடு போகுமாம். கூடவே விரதகாலச் சூரணம் என்று ஒரு போத்தலும் விற்றார். பழமொழி சொல்லத் தெரிந்தவர் வைத்தியமும் சொன்னால் நம்முடைய ஆட்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சாவகச்சேரியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது ஆரணியின் வேலை. சஷ்டி தொடங்கிய அன்று காலை அம்மா உரும்பிராயிலிருந்து போன் எடுத்தாள்.

“பிள்ளை, அப்பா விரதம். ஊசி போடலாமோ?”

டாக்குத்தர் எழுதிய மருந்துத் துண்டுகளை நீட்டிக்கொண்டு ஆறேழு பேர் முன்னால் நின்றார்கள். விரதம் என்ற சொல்லை அவள் பிறந்த நாளிலிருந்து கேட்கிறாள். மீன் சட்டி அடுப்பில் ஏறாத நாளெல்லாம் அந்த வீட்டில் விரதம். மூன்று நேரமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு நான் விரதம் என்று ஏப்பம் விடுகிற ஊர். சாப்பிடுகிறாரா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“விரதம் எண்டாப்போலை என்னம்மா? ஊசியை மட்டும் விட்டிடாதேங்கோ,” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு வேலை, பிள்ளைகளின் காய்ச்சல், மழை. நாலு நாள் அவள் அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை.

ஊசி இரத்தத்திலுள்ள சீனியை இறக்கும். சாப்பிடாத உடம்பில் இறக்கினால் ஆள் வேர்த்து, நடுங்கி, மயங்கிப் போய்விடும். நேரத்தோடு ஒரு கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தால் எழுந்து உட்காரும். கடைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள்.

அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். “நேற்று விடிய ஊசியும் போட்டிட்டு சாமியறையிலை இருந்தவர். திடீரெண்டு உடம்பெல்லாம் நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, என்னவோ புலம்புறார். முருகன் அவரிலை வந்திட்டானெண்டு நான் விழுந்து கும்பிட்டன். திருநீறு பூசித் தேவாரம் படிச்சன். படிச்சு முடிய, ஆள் இல்லை.”

அப்பாவின் தங்கை ஜெயகௌரி மாமி தேத்தண்ணியோடு வந்தாள். “நேற்றிலையிருந்து ஒண்டும் குடிக்கேல்லை நீ. சீனி கூடப் போட்டிருக்கிறன், குடி.”

ஆரணி கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மாமியிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். “மாமி, அப்பாவுக்கு வந்தது...”

அதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்துவிட்டது. பின்னேரம் சூரன்போர். கோயிலும் அதே ஒழுங்கையில்தான்; தெருவில் ஒரு பிணம் இருக்கும்வரை கோயில் கதவு திறக்க முடியாது. மத்தியானத்துக்கு முன்னம் எடுத்தால் நல்லது என்றார் வந்தவர். மாமி அவரோடு கதைக்க எழுந்து போனாள்.

அம்மா ஆரணியின் முழங்கையைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தாள். குரல் தணிந்திருந்தது.

“பிள்ளை, ஊசியிலை பிழை ஒண்டும் இல்லைத்தானே? அவருக்குக் கை நடுங்குமெண்டு நான்தான் மருந்து இழுத்துப் போட்டுவிட்டனான். கண்ணாடி போட்டுப் பாத்துத்தான் இழுத்தனான். அளவு கூடிப்போச்சோ?”

ஆரணி அம்மாவின் கையைப் பார்த்தாள். தன் வாயால் சொன்னதை அந்தக் கைதான் செய்திருக்கிறது. இனி உண்மையைச் சொன்னால் பழி தன்னோடு நிற்காது, அம்மாவையும் பிடிக்கும். அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

“இல்லையம்மா. நீங்கள் சரியாத்தான் போட்டனீங்கள்.”

“நீ படிச்சனி. நீ சொன்னால் சரி,” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிரியைகள் அவசர அவசரமாக நடந்தன. வெளியே பறை உரத்தது. வாயைக் கட்டியிருந்த துணியை ஐயர் தளர்த்தி, “வாய்க்கரிசி போடுறவை வாங்கோ,” என்றார். அம்மா போட்டாள். மாமி போட்டாள்.

ஆரணி தட்டை வாங்கி, ஒரு பிடி அரிசியை அப்பாவின் உதட்டில் வைத்தாள். அது நிற்காமல் கன்னத்தால் வழிந்து கழுத்துக்குள் போனது. அவள் விரலால் உதட்டை விலக்கி, இன்னொரு பிடியை உள்ளே விட்டாள். பிறகும் ஒரு பிடி.

“காணும் பிள்ளை,” என்றாள் மாமி. “மற்றவையும் போடவேணும்.”

ஆரணி தட்டைக் கொடுக்கவில்லை.