ஆவித்துளைக்கு ஒரு மூடி

தண்ணீர் என்ற சொல்லைத் தொழிற்சாலைக்குள் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று பெரியவர் உத்தரவு போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. தாகம் எடுத்தவர்கள் சைகை காட்டிக் குடித்தார்கள்.

எட்டு நாளுக்கு முன்புதான் சம்பந்தியின் குழாய்த் தொழிற்சாலையிலிருந்து ஒரு லாரிச் சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘சரக்கில் தண்ணீர் இருக்கிறது.’ பால்காரனைப் பற்றிச் சொல்வது போல மூன்றே சொற்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து வந்த சீட்டு. அன்று பெரியவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாரே தவிரத் தொடவில்லை.

இப்போது சம்பந்தியே நேரில் பார்க்க வருகிறார். இந்தத் தடவையும் குறை கண்டால் வேறு இடத்தில் சரக்கு எடுத்துக்கொள்வார். அது போகட்டும், வேறு ஆள் கிடைப்பான். அந்த வீட்டில் இரண்டு வருடமாக வாழும் மகள், “உங்கப்பா அனுப்பின லட்சணம்” என்ற பேச்சைக் காலம் முழுக்கக் கேட்க வேண்டிவருமே! பெரியவருக்கு அதுதான் நெஞ்சில் முள்.

இயந்திரத்தை அவர் இரண்டு முறை சுற்றி வந்தார். உடைந்த பிளாஸ்டிக் வாளியும் கூடையும் அரைபட்டு, கழுவப்பட்டு, சில்லுகளாக மேலே உள்ள பெரிய புனலில் விழும். அடியில் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு சூடான இரும்புக் குழல். உள்ளே சுழலும் திருகு சில்லுகளை உருக்கித் தள்ள, மறுமுனையில் கயிறு கயிறாக வெளிவந்து, தொட்டியில் குளிர்ந்து, குருணையாக வெட்டுப்படும். எவ்வளவு சுற்றிப் பிழிந்தாலும் கழுவின சில்லில் ஈரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அது ஆவியாகிப் போகத்தான் குழலின் நடுவில் ஒரு துளை. அந்தத் துளை இப்போது ஊருக்கே தெரியும்படி புகைந்துகொண்டிருந்தது.

“இதுக்கு ஒரு மூடி போடு” என்றார் ஃபோர்மேனிடம்.

ஃபோர்மேன் இருபது வருடம் அந்தச் சூட்டில் நின்று கறுத்த மனிதர். “ஐயா, அது மூச்சு விடற வழி.”

“சம்பந்தி வந்து நிக்கும்போது இப்படிப் புகைஞ்சா என்னய்யா அர்த்தம்? உள்ள அது இருக்குன்னுதானே?”

“வெளிய வந்தா உள்ள இல்லன்னு அர்த்தம் ஐயா.”

“எனக்கே பாடமா?”

ஃபோர்மேன் நாலு போல்ட் வைத்து மூடியை முறுக்கினார். அந்தத் துளையில் உறிஞ்சு பம்பு ஒன்று மாட்டலாம் என்று போன வருடமே சொல்லிப் பார்த்தவர் அவர். உறிஞ்சி எடுக்கும் அளவுக்கா நம் சரக்கு நாறிப்போயிற்று என்று பெரியவர் அன்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அதனால் இன்று மறுபேச்சு இல்லை. மூடிக்கு மேல் பெரியவர் தன் கையாலேயே வெள்ளி நிறப் பெயின்ட் தீட்டினார். சூட்டில் பெயின்ட் கருகி நாறியது. அந்த நாற்றத்தைக் கௌரவம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தார். பின்னாலேயே மகளும் இறங்கினாள், கையில் ஒரு நோட்டுடன்.

“நீ எதுக்கும்மா இந்தப் புழுதியில?” என்றார் பெரியவர்.

“வேலையாத்தான் வந்தேன்பா” என்றாள் அவள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு துளி புகை இல்லை. பெரியவர் முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்தினார்.

“பாத்தீங்களா சம்பந்தி? எங்க சரக்கு எலும்பு மாதிரி காஞ்சது.”

“பாக்கறேன், பாக்கறேன்” என்று சம்பந்தி ஏணியில் இரண்டு படி ஏறிப் புனலுக்குள் எட்டிப் பார்த்தார்.

வழி அடைபட்ட ஆவி சும்மா இருக்குமா? முன்னால் பாதி போயிற்று. வெளிவந்த கயிறுகள் பொரிவது போல் படபடவென்று வெடித்து, அங்கங்கே வீங்கி, அறுந்து விழுந்தன. மீதிப் பாதி திருகின் வழியே பின்னோக்கி வந்து, புனலின் வாயில் குபீரென்று கிளம்பி, சம்பந்தியின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கண் தெரியாமல் ஏணியைப் பிடித்தபடி அவர் அமைதியாகக் கேட்டார்:

“சம்பந்தி, இது என்ன?”

“அது… காலையில குளிர் ஜாஸ்தி” என்றார் பெரியவர். அவர் நெற்றியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மகள் அறுந்த கயிற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக் குறுக்கே வெட்டி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை.

“போன லோடுலயும் அங்கங்க இப்படித்தான்பா இருந்துச்சு. இதுல குழாய் போட்டா பக்கவாட்டுல கிழியும். திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான்.”

“நீயா?”

“சீட்டும் நான் எழுதினதுதான்.”

“உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“தெரியும்னுதான் கணக்குப்பிள்ளையை விட்டு எழுத வெச்சேன்.”

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். “நான் வேணாம்னுதான் சொன்னேன், எங்கயாவது கலந்து ஓட்டிக்கலாம்னேன். மருமக விடல. அப்பன் வீட்டு சரக்குன்னு கண்ணை மூடிக்கிட்டாங்கற பேச்சு எனக்கு வேணாம் மாமான்னு ஒத்தைக் கால்ல நின்னா. யாரு வளர்த்தது?”

யார் வளர்த்தது என்று பெரியவருக்குத் தெரியும். கோபம் வந்தது. அதை யார் தலையில் இறக்குவது என்று தேடிப் பார்த்தார். இருந்த தலைகளில் வாகானது தன்னுடையது ஒன்றுதான்.

“மெஷினை நிறுத்து. மூடியை எடு” என்றார்.

ஃபோர்மேன் திருகை நிறுத்தி, ஆவி அடங்கக் காத்திருந்து, ஒதுங்கி நின்று போல்ட்டுகளைத் தளர்த்தினார். மிச்சம் இருந்தது சீறிக்கொண்டு கிளம்பியது.

“என்ன ஐயா இது?” என்று ஃபோர்மேன் முகத்தில் சலனமே இல்லாமல் கேட்டார்.

“தண்ணி” என்றார் பெரியவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுபடி இயந்திரம் ஓடியது. துளை வெட்கமில்லாமல் புகைந்தது. கயிறுகள் வழுவழுவென்று வந்தன. பெரியவர் ஒரு கைப்பிடி குருணையை அள்ளினார். சம்பந்தி கை நீட்டினார். பெரியவர் அவரைத் தாண்டிப் போய் மகளிடம் கொடுத்தார்.

அவள் ஒவ்வொன்றாக வெட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்பா என்று ஒரு சலுகையும் இல்லை. பெரியவர் நாற்காலி கேட்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

“ஒன்பது சுத்தம். பத்தாவதுல சின்னதா ஒண்ணு இருக்கு” என்றாள். “பம்பு மாட்டினா இதுவும் போயிடும். அதுவரைக்கும் இந்த சரக்கைத் தோட்டத்துக் குழாய்க்கு மட்டும் எடுத்துக்கறோம்.”

“பத்துல ஒண்ணு பரவாயில்லம்மா, விடு” என்றார் சம்பந்தி.

“எதுக்கு விடணும்?” என்றார் பெரியவர். “அதையும் எழுதிக்கோம்மா. கீழ என் கையெழுத்து போடறேன்.”

மகள் நோட்டை நீட்டினாள்.