தர்லோ வீட்டு ஆட்கள்

வால்டர் தர்லோ வசந்தாமணியிடம் கேட்ட முதல் கேள்வியே, "உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?" என்பதுதான்.

அது 1996 செப்டம்பர். அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனில் குடியிருந்த வசந்தாமணி, மகள் ஓவியா பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் பக்கத்து ஊர் நூலகத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள். கணவன் வெள்ளியங்கிரி சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். அவனை ஒட்டி அவளுக்குக் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நூலகத்தில் போய்க் கேட்டாள். பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். தங்கள் முன்னோர்களைத் தேடி வருகிறவர்களுக்கான அறை அது. வேறு மாநிலத்திலிருந்து மைக்ரோஃபிலிம் சுருள்களை வரவழைத்து, இயந்திரத்தில் மாட்டி, பழைய பதிவேடுகளைப் படித்துக் காட்ட வேண்டும்.

"எம்.ஏ. படிச்சது இங்கிலீஷ்தான்," என்றாள்.

"நான் கேட்டது பழைய கையெழுத்து. நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தி எழுதினது."

"அதுவும் தெரியும்."

தெரியும்தான். கோபிக்குப் பக்கத்தில் அவள் அப்பா ஒரு வரப்புத் தகராறுக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். வெள்ளைக்காரன் காலத்து நில ஆவணங்களின் நகல்களை அவளைத்தான் படித்துச் சொல்லச் சொல்வார். குமாஸ்தாக்களின் கோழிக்கிறுக்கல் அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே பழகிவிட்டது.

வால்டருக்கு எழுபத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வில்லியம் தர்லோ இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே பெரிய மாளிகையும் நிலமும் இருந்தன, அண்ணனோடு பாகப் பிரிவினையில் சண்டை போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார் என்பது தர்லோ வீட்டுக் கதை. அடுத்த ஜூலையில் குடும்பத்தார் எண்பது பேர் ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்குள் வம்ச வரலாற்றைப் புத்தகமாக அச்சடித்துவிட வேண்டும். அட்டையில் போட ஒரு குலச்சின்னம்கூடத் தபாலில் வாங்கி வைத்திருந்தார். இரண்டு சிங்கம், நடுவில் ஒரு வாள்.

அவருக்குக் கண்ணில் புரை. பத்து நிமிஷத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியாது. அதனால் வசந்தாமணி தேவைப்பட்டாள். தேவைப்பட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் தொட்ட இயந்திரக் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் சுழற்றுவார். ஒவ்வொரு முறை வரும்போதும் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வார். அவள் முன்னாலேயே நூலகத் தலைவி மிஸஸ் கோல்மனிடம், "வேற யாரும் இல்லையா?" என்று கேட்பார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. ஆனால் வால்டர் பேசும்போதெல்லாம் வசந்தாமணியின் காதில் 'நீ' என்றே விழுந்தது.

அப்படி அவளிடம் யாரும் பேசியதில்லை. நாற்பது ஏக்கர் தோட்டத்துக்காரர் மகள். அவள் நடந்து வந்தால் வேலை செய்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அங்கே வளர்ந்துவிட்டு இங்கே ஒரு கிழவனின் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் கொதித்தாள். வேலையை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, 1841ஆம் வருஷத்து மக்கள்தொகைப் பதிவேட்டில் வில்லியம் தர்லோ அகப்பட்டான். வயது பன்னிரண்டு. ஊர், மாவட்டம் எல்லாம் சரியாக இருந்தது. தொழில் என்ற இடத்தில் இரண்டு துண்டு வார்த்தை. 'ஏஜி லேப்.' வசந்தாமணிக்கு விளங்கவில்லை. மிஸஸ் கோல்மனிடம் கேட்டாள்.

"விவசாயக் கூலி," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "அந்தப் பக்கத்துல பாதிப் பேருக்கு அதான் போட்டிருக்கும்."

வசந்தாமணி இயந்திரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வால்டரிடம் அவள் சொல்லவில்லை. அவர் கேட்காத சுருள்களையும் வரவழைத்தாள். முழுக் கதையையும் தோண்டி எடுத்து அவர் முகத்தில் எறிய வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவள் எண்ணம். தேவாலயத் திருமணப் பதிவேட்டில் வில்லியமின் அப்பன் ஜேம்ஸும் அம்மா ஹன்னாவும் கிடைத்தார்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆளுக்கொரு பெருக்கல் குறி. ஜேம்ஸ் 1829 பிப்ரவரியில் இறந்திருந்தான். அடக்கப் பதிவில் 'கூலியாள்' என்று எழுதி, பக்கத்தில் வயது, இருபத்தாறு.

அதற்கடுத்த சுருளில் ஓர் ஆணை இருந்தது. ஜேம்ஸ் வேலை பார்த்த ஊரின் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டு வாங்கிய ஆணை. கூலியாள் செத்துவிட்டான், அவன் பெண்சாதிக்கு ஆறு மாதம், கையில் இரண்டு பிள்ளைகள், இவர்கள் இந்த ஊருக்குச் சுமையாகிவிடுவார்கள், எனவே புருஷன் பிறந்த ஊருக்கு இவர்களை அனுப்பிவிட வேண்டும். பதினோரு மைல். ஒரு வண்டியும் வண்டிக்காரனும் ஏற்பாடு செய்யப்பட்டார்கள். ஹன்னா அந்த ஊரை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்று அவள் வாக்குமூலத்தில் இருந்தது. வயிற்றில் இருந்த பிள்ளைதான் வில்லியம்.

ஜனவரியில் வால்டர் வந்தார். அன்று அவருடைய தங்கை ஈடித்தும் கூட வந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நெட்டையான உடம்பு, வாய் அதிகம் திறக்காதவள்.

வசந்தாமணி நகல்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றையும் நிதானமாக, சத்தமாகப் படித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இது வேற தர்லோ," என்றார் வால்டர்.

"அந்த ஊர்ல வேற வில்லியம் தர்லோ இல்லை. கப்பல் பதிவேட்டுல இருக்கற வயசும் இதோட ஒத்துப்போகுது. இங்க வந்து இறங்கினதும் உருளைக்கிழங்குத் தோட்டத்துல கூலிக்குத்தான் சேர்ந்திருக்கார்."

"நீ தப்பாப் படிச்சிருக்க. உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? எங்கிருந்து வந்தவங்க நீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

வசந்தாமணி எழுந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு நாப்பது ஏக்கர் தோட்டம்," என்றாள். ஒரு தப்பில்லாத, தெளிவான ஆங்கிலம். "உங்க கொள்ளுத்தாத்தா மாதிரி ஆளுங்க எங்க தோட்டத்துல நாலு குடும்பம் இருந்தாங்க. மூணு தலைமுறையா இருந்தாங்க. ஒருத்தர்கூட எங்க வீட்டு வாசல்படி தாண்டி உள்ள வந்ததில்லை. நாங்க விட்டதில்லை."

வால்டரின் கழுத்து சிவந்தது. நகல்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஈடித் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அவள் காகிதங்களைப் பார்க்கவில்லை. வசந்தாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணன் பின்னால் போனாள்.

ஐந்தாம் நாள் நூலகத்துக்குப் புகார்க் கடிதம் வந்தது. மிஸஸ் கோல்மன் வசந்தாமணியைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றாள். அவள் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

வெள்ளியங்கிரி வீட்டில் குதித்தான். "கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி ஒம்போது மாசமாச்சு. இந்த நேரத்துல ஒரு வெள்ளைக்காரன்கூடப் போயி வம்பு இழுத்துட்டு வந்து நிக்கற. அவன் லாயர் வெச்சு லெட்டர் போட்டா என்ன பண்ணுவ?"

"அவன் பேசுனது உங்களுக்குத் தெரியாதுங்க."

"என்ன வேணா பேசட்டும். ஆபீஸ்ல எங்கிட்ட தினமும்தான் பேசறான். நான் உங்கப்பன் தோட்டத்தக் கணக்கு சொல்லிட்டா இருக்கறேன்?"

அந்த வாரம் முழுக்க இருவரும் ஓவியா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவள் இரண்டு பக்கத்துத் தமிழையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னாள்.

பிப்ரவரியில் ஈடித் அப்பார்ட்மென்ட் கதவைத் தட்டினாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியோடு உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வரலை," என்றாள். "எங்கண்ணன் ஒரு முட்டாள். அந்தக் காகிதங்கள் உங்ககிட்ட இருக்கா?"

வசந்தாமணி எடுத்து வந்து கொடுத்தாள். ஈடித் மடியில் வைத்துக்கொண்டு ஹன்னாவின் வாக்குமூலத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது அசிங்கமான பேச்சு."

"ஆமா."

"உண்மையா அது?"

"உண்மைதான்."

"உங்க நிலத்துல இருந்த அந்த நாலு குடும்பம். அவங்க பேரு என்ன?"

"மாரான்," என்றாள் வசந்தாமணி. பிறகு யோசித்தாள். மாரானுக்கு ஒரு மனைவி இருந்தாள், களையெடுக்க வருவாள், இடது கையில் ஒரு விரல் இல்லை. அவள் பெயர்? மற்ற மூன்று வீட்டுக்காரர்கள்? அவர்களை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. தமிழிலும் அந்த நிமிஷம் சொல்லியிருக்க மாட்டாள்.

ஈடித் காத்திருந்தாள். பதில் வராததும் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வசந்தாமணி நீட்டிய காபியைத் தொடவில்லை.

"எங்களுக்கு ஒரு பெருக்கல் குறியாவது மிச்சம் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தாமணி ஊருக்குப் போன் செய்தாள். அங்கே சாயங்காலம். அப்பா எடுத்தார். மழை, மஞ்சள் விலை, ஓவியா படிப்பு எல்லாம் பேசி முடிந்த பிறகு கேட்டாள்.

"ஏனுங்கப்பா, நம்ம மாரான் சம்சாரம் பேரு என்னங்க?"

"எந்த மாரான்?"

"சாளையில இருந்தானுங்களே."

தோட்டத்துக் குடிசைகளைத்தான் அவர்கள் சாளை என்பார்கள். "அந்த ஊட்டுப் பொம்பள பேரு எனக்கெதுக்கு அம்மிணி? அதக் கேக்கவா அமெரிக்காவுல இருந்து போன் போட்ட?"

"அவங்கள எதுக்குங்க அங்கிருந்து கிளப்புனீங்க?"

அவளுக்கே ஏன் கேட்டோம் என்று தெரியவில்லை. அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது நடந்தது. மாரான் மகன் பத்தாவது பாஸ் செய்துவிட்டு, மாடு மேய்க்க வர மாட்டேன், மேலே படிக்கப் போகிறேன் என்றான். மறுநாளே சாளையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அப்பா. சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வரப்பில் நடந்து போனதை வசந்தாமணி கிணற்று மேட்டிலிருந்து பார்த்தாள். வண்டிகூடக் கொடுக்கவில்லை.

"இடங்கொடுத்து சோறு போட்டவனையே எதுத்துப் பேசுனா வெச்சுக் கொஞ்சுவாங்களா?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "ஊரு விட்டு ஊரு போயி இதத்தான் படிச்சயா? இனிமே இந்தப் பேச்சு பேசறதா இருந்தா எனக்குப் போன் போடாத."

வைத்துவிட்டார். அவளும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் கேள்வியை விட முடியவில்லை. சொந்த ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்த தோழி மரகதத்துக்கு எழுதினாள். மரகதம் விசாரித்து ஏப்ரலில் பதில் போட்டாள். மாரானும் மனைவியும் இறந்து பல வருஷமாகிவிட்டது. மகன் ஈரோட்டில் டெலிபோன் இலாகாவில் இருக்கிறான். மரகதம் அவனுடைய முகவரியையும் எழுதியிருந்தாள். பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்து வசந்தாமணி திகைத்தாள். இளமாறன். வீட்டில் எல்லோரும் அவனை 'மாரான் பையன்' என்றுதான் சொன்னார்கள். அவனுக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, நான்காவதைத் தபாலில் சேர்த்தாள். தன் அப்பா செய்தது தவறு என்று எழுதினாள். அவர்கள் குடும்பத்து விவரங்களை, தாத்தா பாட்டி பெயர்களை, எங்கிருந்து வந்தார்கள் என்பதை எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டு, தான் அதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்க விரும்புவதாகச் சொன்னாள்.

ஜூலை கடைசியில் ஈடித்திடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. குடும்பக் கூட்டத்தில் வால்டர் தன் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார். மாளிகைக் கதை அதில் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஈடித் எழுந்து ஹன்னாவின் வாக்குமூலத்தை முழுக்கப் படித்தாள். வால்டர் மனைவியைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அண்ணனும் தங்கையும் இப்போது பேசுவதில்லை. நன்றி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

இளமாறனின் பதில் செப்டம்பரில் வந்தது. நீல நிற ஏர்மெயில் காகிதத்தில் பாதிப் பக்கம், திருத்தமான கையெழுத்து.

"வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். என் மூத்த மகள் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். எங்கள் தாத்தா, பாட்டி, அவர்களுக்கு முந்தியவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். என் அம்மா சாவதற்கு முன் வரிசையாகச் சொல்லி எழுத வைத்தார். அந்த நோட்டு என் வீட்டில் இருக்கிறது, என் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் அம்மாவின் பெயரை உங்கள் வீட்டில் இருபத்து மூன்று வருஷம் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் எழுதி வைப்பதற்காக அதைத் தர எனக்கு விருப்பமில்லை. இனி எழுத வேண்டாம். மா. இளமாறன்."

வசந்தாமணி அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். முதலில் கோபம்தான் வந்தது, அப்பாவுக்கு வருகிற அதே கோபம். இத்தனை தூரம் இறங்கி வந்து எழுதியும் இப்படியா என்று. அந்த 'இறங்கி' என்ற வார்த்தையில் அவள் மனசு தட்டி நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெள்ளியங்கிரி ஆபீசிலிருந்து வந்ததும் மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தான்.

"திமிரப் பாத்தியா?" என்றான்.

"அது அவங்களோடதுங்க," என்றாள் வசந்தாமணி. "குடுக்க முடியாதுன்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டான். அவள் எடுத்து மடித்துப் பாஸ்போர்ட்டுகள் இருந்த உறைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஈரோட்டுக்கு எழுதவில்லை.