சாவே விழாத தொழுவம்

"செத்த மாட்ட எங்க போட்டீங்கக்கா? அந்த எடத்த எனக்குக் காட்டுங்க."

ரெஜினா கேட்டதும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அத்வைத் பாட்டிலை மூட மறந்து அவளைப் பார்த்தான். கூடுவாஞ்சேரியில் ஒரு ஓட்டல் மாடியில் பயிற்சி கொடுத்தபோது அவன் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். உயிரோடு இருக்கிற மாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், செத்த மாட்டைக் காட்டு என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் இழப்பீடு வரப்போகிறது என்று ஊரே திரண்டு நிற்கும், இல்லையென்றால் வேவு பார்க்க வந்தவர்கள் என்று விரட்டிவிடும்.

கால்நடை மருத்துவம் கிராமத்தில் எப்படி நடக்கிறது, மாட்டுக்கு நோய் வந்தால் சேதி மேலே போய்ச் சேருகிறதா என்று மதிப்பிட வந்த கம்பெனி அவர்களுடையது. அத்வைத் குழுத் தலைவன். ரெஜினா வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவள். நுண்ணுயிரியல் படித்து முடித்தவளுக்கு இந்த வேலைதான் கிடைத்தது. செய்யூர் பக்கம் மூன்று வாரமாகச் சுற்றியாகிவிட்டது. டேப்லெட்டில் 'நோயால் இறந்த மாடு' என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில். இல்லை. அத்வைத்துக்கு அதில் பரம திருப்தி. ரெஜினாவுக்குத்தான் நாளாக நாளாக அது உறுத்தியது. மாடு இருக்கிற ஊரில் மாடு சாகும். ஒன்றுகூடச் சாகவில்லை என்றால் அந்தச் சாவெல்லாம் எங்கே போகிறது?

புங்கமேட்டில் அந்தக் கடைசி வீடு சரோஜாவுடையது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். கொட்டகையில் இரண்டு முளை அடித்திருந்தது. ஒன்றில் கயிறு மட்டும் கிடந்தது. இன்னொன்றில் கட்டியிருந்த சிவலைப் பசு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. முன்னால் போட்ட வைக்கோல் போட்டபடியே இருந்தது. அதன் விலா இறைப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"செத்தாத்தானே காட்டறதுக்கு," என்றாள் சரோஜா. "எங்கூட்ல மாடு சாவல. எழுதிக்கோ."

"அப்போ அந்தக் கயிறு?"

"வித்துட்டேன்."

"நல்லா இருந்த மாடா?"

சரோஜா சிவலையின் முதுகில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் விரட்டினாள். அது பறந்து மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

"ரெஜினா, அடுத்த கேள்விக்குப் போங்க," என்றான் அத்வைத்.

அவள் போகவில்லை. வெறும் முளைக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். சாணம் போட்டு மெழுகியிருந்தார்கள். மெழுகியதற்கும் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ ஊறி மேலே வந்திருந்தது.

"மூக்குல ரத்தம் வந்துச்சா அக்கா?"

சரோஜாவின் கை நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"ரத்தம் உறைஞ்சுதா, தண்ணியாவே கெடந்துச்சா?"

"ஒறையவே இல்லம்மா, தார் மாதிரி கெடந்துச்சு. எத்தினி தாட்டி கழுவனாலும் போவல." குரல் இறங்கிவிட்டது. "காலையில நல்லாத்தான் கறந்தேன். மத்தியானம் நடுங்கிச்சு. சாயங்காலம் தள்ளாடிச்சு. அப்பறம் இன்னா பண்ண சொல்ற? வுழுந்துட்டா ஒரு பய தொட மாட்டான். காலனி ஆளுங்களும் செத்தத தூக்க மாட்டோம்னு என்னிக்கோ சொல்ட்டாங்க. டாக்டருக்கு போன் போட்டா நாளைக்கு வரேன்றாரு. மூச்சு இருக்கசொல்லவே கத்தி வெச்சுட்டா அது கறி. மூச்சு நின்னுட்டா பொணம். இந்தப் பக்கம் எல்லா வூட்லயும் அப்பிடித்தான்."

சாவு எங்கே போகிறது என்று ரெஜினாவுக்கு இப்போது தெரிந்தது. எங்கேயும் போகவில்லை. சாவதற்கு முன்னால் அறுத்துவிடுகிறார்கள். அதனால் டேப்லெட்டில் பொய் எதுவும் ஏறவில்லை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

"யாரு அறுத்தது?"

சரோஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது.

"நீ ஏரிக்கு அந்தாண்ட காலனிதானே? ஏசுபாதம் பொண்ணு? மூஞ்சப் பாத்தா தெரியுது. உங்க அண்ணன் ஜெரோமுதான் அறுத்துச்சு. சனிக்கெழம, சவுக்குத் தோப்புல. ஏன், ஞாயித்துக்கெழம உங்கூட்டுக்குக் கறிக் கூறு வரலியா?"

வந்தது. அம்மா மிளகு தூக்கலாக வைத்திருந்தாள். ரெஜினா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"இதுவும் அதே மாதிரி நடுங்குது," என்று சரோஜா சிவலையைக் காட்டினாள். "ஜெரோமுக்குப் போன் போட்டுட்டேன். சாயங்காலம் வருது."

"இத்த அறுக்கக் கூடாதுக்கா. ஊசி போட்டாப் பொழைச்சாலும் பொழைக்கும். கத்தி மட்டும் வெக்காதீங்க."

"ஊசிய யாரு போடுவா, நீயா?"

சரோஜா கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

வண்டியில் ஏறியதும் அவள் கால்நடை மருந்தக டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் அலைச் சத்தமும் விசில் சத்தமும் கேட்டன. மாமல்லபுரத்துக்குப் பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள், கடற்கரையில் திரிகிற மாட்டையும் குதிரையையும் பிடித்துக் கட்டுகிற டூட்டி என்றார். மூன்று மருந்தகத்துக்கும் தான் ஒருத்தர்தான் என்றும் சொன்னார். அவள் அறிகுறிகளைச் சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"அடைப்பான்தானே சார், ஆந்த்ராக்ஸ்?"

"அந்தப் பேரச் சொல்லாதம்மா. காது ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பாம அந்தப் பேரச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நோய் ஏதும் இல்லன்னு போன மாச ரிப்போர்ட்டே போயிடுச்சு."

"ரத்தம் எடுக்க எப்போ வருவீங்க?"

"நாளைக்குக் காலையில. அதுவரைக்கும் அறுக்க வேணாம்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அறுத்தவன் கையில புண்ணு கிண்ணு இருக்கான்னு பாரு. இருந்தா எனக்காகக் காத்திருக்காத. கறி தொட்டவங்க, தின்னவங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. சீக்கிரம் போனா மாத்திரைக்குக் கேக்கும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

போனை வைத்துவிட்டார். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை பிடித்தால் கொட்டகை மண்ணும் தோப்பு மண்ணும் கரைந்து ஏரிக்குத்தான் வரும். அந்தக் கிருமி மண்ணுக்குள் ஒரு மனுஷன் ஆயுசுக்குக்கூடச் சாகாமல் கிடக்கும் என்று அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

"நான் சொல்றத கோபப்படாம கேளுங்க," என்றான் அத்வைத். "ரிப்போர்ட்ல 'நோயுற்ற மாடு விற்பனை'ன்னு ஒரு வரி சேத்துடலாம். அதோட விட்டுடுங்க. நீங்க வெளியில சொன்னா மாட்டுக்கு நோய்னு யாரும் பேச மாட்டாங்க. மாட்டுக்கறி தின்னதாலதான்னு பேசுவாங்க. டிவிக்காரன் வருவான். உங்க மக்களுக்குத்தான் பிரச்சினை. அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எங்க ஜனத்துக்காக நீங்க பயப்படாதீங்க சார். அந்த ஒரு வரி யாரு கையிக்கு எப்போ போவும்?"

"மார்ச்சுல."

"மார்ச்சுல," என்று அவள் திருப்பிச் சொன்னாள். டேப்லெட்டை இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் வைத்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு டீம்ல நீங்க இருக்கணும்னு நான் நினைக்கறேன் ரெஜினா," என்றான் அவன் கண்ணாடியை இறக்கி.

"நெனச்சிகினே இருங்க."

காலனிக்குள் நுழைந்ததும் எப்போதும் போல நாய்கள் வந்து காலைச் சுற்றின. தெருவின் இரண்டு பக்கமும் கொடிக்கம்பியில் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறியில் மீந்ததை உப்பும் மஞ்சளும் தடவி, நீள நீளமாகக் கீறிப் போட்டிருந்தார்கள். பாதி வீட்டு வாசலில் தொங்கியது. இதே தெருவில் இதே வாசனைக்குச் சின்ன வயதில் நாக்கில் எச்சில் ஊற ஓடியிருக்கிறாள். இன்று துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பியும் பார்த்தாள்.

ஜெரோம் வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தான். வார நாளில் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். சனி ஞாயிறில் கத்தி. மற்றக் கையை மடியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

"இன்னா கலெக்டரம்மா, சீக்கிரம் வந்துட்டீங்க? மாடெல்லாம் பதில் சொல்லிட்ச்சா?"

"கையக் காட்டு."

"இன்னாத்துக்கு, ஜோசியம் பாக்கவா?"

அவள் துண்டை விலக்கினாள். முன்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். நடுவில் கரி வைத்துத் தேய்த்த மாதிரி கறுப்பு. சுற்றிலும் கொப்புளம். முழங்கை வரைக்கும் வீங்கிப் பளபளத்தது. பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இந்தப் படம் இருக்கிறது என்றுகூட அவளுக்கு நினைவு வந்தது.

"பூச்சி கடிச்சிட்ச்சு. வலியே இல்ல ரெஜி. பாரு." புண்ணின் மேல் விரலால் தட்டிக் காட்டினான். சிரித்தான்.

வலி இல்லாததும் அந்த நோயின் அடையாளம்தான் என்று அவள் படித்திருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜாவின் மாடு, உறையாத ரத்தம், டாக்டர் சொன்னது. உள்ளேயிருந்து அம்மா பொன்னி ஈரக் கையோடு வந்து நின்று கேட்டாள். ஜெரோமின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

"செரி," என்றான் கடைசியில். "நான் மதுராந்தகம் போய் பிரைவேட்ல காட்டிக்கறேன். கம்பி கிழிச்சிட்ச்சின்னு சொல்லிக்கறேன். நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

"கூறு வாங்கினவங்க?"

"வெந்த கறி ஒன்னும் பண்ணாதுடி."

"பச்சக் கறிய கழுவினது யாரு? கீறித் தொங்க வுட்டது யாரு? அம்மா, உன் கையக் காட்டு."

பொன்னி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒன்னும் இல்ல. லேசா அரிக்குது."

தலைக்கு மேல் கம்பியில் கறி காற்றில் மெல்ல ஆடியது.

"ரெஜி, நான் சொல்றத கேளு," என்றான் ஜெரோம். குரலில் கெஞ்சல் இருந்தது. அவன் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. "ஊர்க்காரங்க நோயு புடிச்ச மாட்ட நம்ப தலையில கட்டினாங்கன்னு எவனும் பேச மாட்டான். கண்டதத் தின்ற பசங்கன்னுதான் பேசுவான். பார்சல் வண்டில என்ன ஏத்துவானா? தெருவ அடைச்சி கயிறு கட்டுவான். நம்ப வூட்லருந்து அந்த வார்த்த போவணுமா?"

அத்வைத் சொன்னதும் இதையேதான். ஆனால் அவன் சொன்னபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. அண்ணன் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கயிறு கட்டத்தான் கட்டுவார்கள். நாளைக்கு இந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எங்கே உட்காருவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியும். அவளும் அங்கே உட்கார்ந்தவள்தான்.

"செவலைய அறுக்கப் போறியா?"

"இந்தக் கையிலயா? வர முடியாதுன்னு கொஞ்சம் முன்னாடிதான் சரோஜாக்காகிட்ட போன்ல சொன்னேன்."

"அப்போ மாடு இன்னிக்கு உசுரோட இருக்கும்."

ஜெரோம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தக்கா அச்சரப்பாக்கத்துல கறி போடற சீனுவ வரச் சொல்லிட்ச்சு. வண்டி எடுத்துகினு கெளம்பிட்டானாம். கூறு யாருக்கெல்லாம் வேணும்னு கேட்டான்." கம்பிகளைக் கண்ணால் காட்டினான். "நம்ப தெருவுலயும் சில பேரு சொல்லிவெச்சிகீறாங்க."

ரெஜினா ஜெரோமிடம் நம்பர் கேட்டு வாங்கிச் சீனுவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். சரோஜாவுக்கு அடித்தாள். பிஸியாக இருந்தது. தோப்புப் பக்கமிருந்து முதல் இடி கேட்டது.

அவள் எழுந்தாள். குளியலறை மூலையில் வாளிக்குள் கிடந்த கத்திப் பையைக் காட்டி, "அத்த யாரும் தொடாதீங்க," என்றாள். கம்பியில் இருந்ததைக் காட்டி, "அதையும்." பிறகு செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற?" என்றாள் பொன்னி.

"கோயிலுக்கு."

"இந்நேரத்துக்குப் பூசை கூட இல்லியே."

"மைக்கு இருக்குதில்ல."

மாதா கோயில் மைக்கில் பூசைப் பாட்டு போடுவார்கள். மற்றபடி தெருவில் யாராவது இறந்தால் மட்டும்தான் அதில் பேர் சொல்வார்கள். அதில் ஒரு குரல் வந்தால் ஏரிக்கு அந்தாண்டை புங்கமேடு வரைக்கும் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்பார்கள். யார் பேர் வரப்போகிறது என்று.

"ரெஜி," என்றான் ஜெரோம். "என் பேரச் சொல்லுவியா?"

வாசல்படியில் அவள் திரும்பினாள்.

"மொதல்ல உன் பேரு. அப்பறம் அம்மா பேரு. அப்பறம் என் பேரு. நம்ப மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம், கறி தொட்டவங்க எல்லாரும் வாங்கன்னு சொல்லுவேன். நோயோட பேரையும் சொல்லுவேன். நீ சட்டைய மாத்திகினு ரெடியா இரு."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். கம்பிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து, எதுவும் தலையில் படாமல், கோயில் பக்கம் நடந்தாள். மழைக்கு முந்திய காற்று எழும்பி, தெரு நெடுகத் தொங்கியதையெல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளியது.