முப்பத்தோராம் பக்கத்தில் இல்லாதது

புத்தகம் போடுகிறவர்கள் எல்லாரும் சமூகத்துக்காகப் போட்டேன் என்பார்கள். நான் நம்புவதில்லை. நான் ஒரே ஓர் ஆளுக்காகப் போட்டேன். கம்பளை செல்லப்பா முதலாளி அதைப் படிக்க வேண்டும், படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அவருடைய கடைக் கதவை நானும் என் மனைவி பாலம்மாவும் தட்டினோம். பதினெட்டு வருடம் அந்தக் கடையில் மூட்டை தூக்கியவன் நான். உள்ளே முதலாளி இருமியது கேட்டது. அந்த இருமல் எனக்குத் தெரியாதா? திறக்கவில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே பாலம்மாவின் தலையில் கல் விழுந்தது. ரயில் பாதைக்கு அடியில் தண்ணீர் ஓடும் மதகுக்குள் ஒளிந்து தப்பினோம். ஒன்பதாம் நாள் கண்டி அகதி முகாமில் அவள் செத்துப்போனாள். அடிபட்டதிலிருந்து வாய் பேசாமலே போனாள் என்று எழுதினேன். எல்லாம் முப்பத்தோராம் பக்கம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதி முடிக்க ஐந்து கொப்பி பிடித்தது. தொண்ணூற்றேழில் கண்டியில் அச்சகம் வைத்திருந்த விவேகானந்தன் மாஸ்டரிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து மனிதர். படித்தவர்கள் கையில் கொப்பியைக் கொடுத்தால் திரும்பி வராது. அவர் அச்சடித்து முடிக்கும்வரை தினமும் போய் எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

"நான் உங்கட கொப்பியைத் தின்னமாட்டன், ஐயா. வீட்டை போங்கோ."

"நீங்க அடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வெளியீட்டு விழாவில் ஒரு பெரிய மனிதர் மேடையேறி முதற்பிரதி வாங்க வேண்டுமாம். செல்லப்பா முதலாளி தானாகவே வந்து கேட்டிருக்கிறார்.

"படிக்காமக் கேட்டிருப்பாரு," என்றேன்.

"இல்லை. ஒரு பிரதி கொண்டுபோய் முழுக்கப் படிச்சவர். படிச்சுப்போட்டுத்தான் வாறன் எண்டு சொன்னவர்."

மொத்தத்தையும் வாங்கிக் கொளுத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

விழாவுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் புத்தகக் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு புத்தகமாக உதறிப் பார்த்தார்கள். மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. முதலாளி கிழடாகியிருந்தார். இரண்டு கையாலும் பிரதியைப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கிறவனுக்கு முகத்தைக் காட்டியபடியே மெதுவாகச் சொன்னார்.

"தொறக்கல, காளிமுத்து. எழுதினது சரி. பயந்துட்டேன்."

நானும் படம் எடுக்கிறவனையே பார்த்தேன்.

"அதுக்கப்புறம் ரத்தினம்மா பின்பக்கமா வந்து தட்டினா. கைக்குழந்தையோட. அவளுக்குத் தொறந்தேன். இப்ப ஹேவாஹெட்டயில இருக்கா. அந்தப் புள்ளதான் ஒன் புத்தகத்த அவளுக்குப் படிச்சுக் காட்டிச்சு. நாங்க எந்தப் பக்கத்துல வாறோம்னு கேக்குறா."

படம் எடுத்தாயிற்று. அவர் இறங்கிப் போனார்.

ஏற்புரைக்கு மாஸ்டர் ஒரு தாள் எழுதித் தந்திருந்தார். சமூகத்துக்காக எழுதினேன் என்று இருந்தது. அதையே வாசித்தேன். கை தட்டினார்கள்.

ரத்தினம்மா எங்கள் பக்கத்து அறைக்காரி. மதகுக்குள் எங்களுக்குப் பின்னாலேயே வந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். அதைப் புத்தகத்தில் எழுதவில்லை. பாலம்மா வாய் பேசாமல் போனாள் என்பதும் பொய். முகாமில் அடுத்த பாய்க்காரியிடம் தண்ணீர் கேட்டாள். முருகனைக் கூப்பிட்டாள். என்னோடுதான் பேசவில்லை.

மறுநாள் மீதிப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, முப்பத்தோராம் பக்கத்து ஓரத்தில் இதையெல்லாம் பேனாவால் எழுதத் தொடங்கினேன். ஒரு பிரதிக்கே ஒரு பகல் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஹேவாஹெட்டவுக்கு பஸ் ஏறினேன்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ரத்தினம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. மகள் என் கோணல் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். குழந்தை அழுத இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, இது நானா?"

"நீதான். படி."

படித்து முடித்தாள். ரத்தினம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னத் தள்ளுற நேரம் பாலம்மாக்கா ஒண்ணு சொன்னாங்களே, அண்ணே. அது எங்க?"

"எழுதல."

"என்னா சொன்னாங்கனு இவளுக்குச் சொல்லுங்க."

"'அவ புள்ளையோட உள்ள இருக்கட்டும், நாம வெளிய போயிருவோம்'னு சொன்னா."

ரத்தினம்மா மகளைப் பார்த்தாள். "பேனாவக் கொண்டா." பிறகு என்னிடம், "இங்கயே குந்தி எழுதுங்க. வீட்டுல இருக்குற மத்ததுலயும் எழுதணும்."

குந்தினேன். ஓரத்தில் இடம் இல்லை. வாய் பேசாமலே போனாள் என்று அச்சடித்த வரியின் மேலேயே எழுதினேன்.